விளங்காத வெளிச்சம் கண்ணில் பட்டால்

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் இரவு ஏழே காலுக்கு மாடியிலிருந்து கத்தினார்: "தம்பி, சீக்கிரம் மேல வா! வானத்துல ரயில் போகுது!" ஓடிப்போய்ப் பார்த்தேன். வடமேற்கிலிருந்து ஒரே கோட்டில், முத்துக் கோத்த மாதிரி, இருபது முப்பது புள்ளிகள் சத்தமே இல்லாமல் ஏறி வந்தன. நடுவானத்தைத் தாண்டியதும் முதல் புள்ளி மங்கி மறைந்தது. பின்னால் வந்த ஒவ்வொன்றும் சொல்லிவைத்தாற்போல அதே இடத்தில் அணைந்தது. அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஏவிச் சில நாள்களே ஆன ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் அவை. புதிதாகப் போனவை கொஞ்ச நாள் இப்படி வரிசையாகத்தான் சுற்றும். பிறகு உயரம் கூடிப் பிரிந்துவிடும். பூமியின் நிழல் தொடங்கும் இடத்தில் ஒவ்வொன்றாக அணைந்தன. இதைச் சொன்ன பிறகு அக்கா கேட்ட கேள்வி இன்றைக்கும் நினைவிருக்கிறது: "அப்போ நம்ம நிழல் அவ்வளவு உயரத்துக்குப் போகுதா?" விளக்கம் கிடைத்ததும் அவருடைய வியப்பு இன்னும் பெரிதாகத்தான் ஆயிற்று.

மாடியில் நாங்கள் கூடினால் பேச்சு மூன்று இடங்களில்தான் போய் நிற்கும்: அங்கே என்ன இருக்கிறது, நாம் எப்போது போய்க் குடியிருப்போம், அன்றைக்குப் பார்த்த அந்த வெளிச்சம் என்ன. இந்தப் பேச்சு எனக்கு உயிர். அது வெறும் வதந்தியாகக் கெட்டுப்போவதைப் பலமுறை பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

போனைத் திறக்கும் முன்பே மணியையும் திசையையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கையை நன்றாக நீட்டி முஷ்டியை வானத்தில் வைத்துப் பாருங்கள். அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. சுண்டுவிரல் 1 பாகை. முழுநிலவு வெறும் அரைப் பாகைதான். "லாரி சைஸ் இருந்துச்சு" என்று சொன்னால் யாருக்கும் பயனில்லை. தூரம் தெரியாதவரை அளவும் தெரியாது. "இரவு 8.42, தென்கிழக்கு, தென்னைமரத்துக்கு மேலே இரண்டு முஷ்டி, இடமிருந்து வலம், 40 விநாடி" என்று ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் இதே மாதிரி எழுதியிருந்தால், இரண்டையும் வைத்து அது எவ்வளவு உயரத்தில் போனது என்று கணக்கே போட்டுவிடலாம்.

அசைகிறதா என்று சுவரை வைத்துச் சோதியுங்கள். இருட்டில் தனியாக நிற்கும் ஒரு வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால் அது மெல்ல நகர்வதுபோலத் தோன்றும். அது கண் செய்யும் வேலை. யார் பார்த்தாலும் அப்படித்தான். தண்ணீர்த் தொட்டியின் விளிம்போடு அந்தப் புள்ளியைப் பொருத்தி, தலையை அசைக்காமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள். எங்கள் மாடியில் "பறக்கும் தட்டு" என்று தொடங்கியவற்றில் பாதி இந்த இரண்டு நிமிடத்திலேயே முடிந்துவிட்டது.

தெரிந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். சிவப்பு, பச்சை விளக்குகளோடு மின்னிக்கொண்டு நகர்ந்தால் விமானம். மின்னாமல் மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்குப் பக்கமாகச் சில நிமிடத்தில் கடந்தால், பெரும்பாலும் சர்வதேச விண்வெளி நிலையம். ஏறக்குறைய 400 கி.மீ. உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகிறது. அந்தியில் மேற்கே விளக்கு மாதிரி நிற்பது வெள்ளி. வெள்ளி சூரியனைவிட்டு 48 பாகைக்கு மேல் விலகவே விலகாது. ஆகவே நள்ளிரவில் உச்சியில் நிற்கும் பெரிய வெளிச்சத்தை யாராவது வெள்ளி என்றால் நம்பாதீர்கள், பெரும்பாலும் வியாழனாக இருக்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். விடியலிலோ அந்தியிலோ ஏவினால் தரையில் இருட்டாக இருக்கும்போது மேலே போன புகையில் மட்டும் வெயில் படும். விசிறி விரித்தாற்போல ஒளிரும் அந்தப் புகையைப் பார்த்துப் பயப்படாதவர்கள் குறைவு.

வானத்தில் தேடும் முன் வீட்டுக்குள்ளும் தேடுங்கள். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் அகல ரேடியோ தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. 1998 முதலே அதில் அவ்வப்போது விநோதமான ரேடியோத் துடிப்புகள் பதிவாகி வந்தன. மின்னலா, வளிமண்டலத்தில் ஏதாவதா என்று வருடக்கணக்கில் குழம்பினார்கள். 2015-ல் விடை கிடைத்தது: அங்கேயே இருந்த மைக்ரோவேவ் அடுப்பு. மணி அடிக்கும் வரை பொறுக்காமல் யாராவது கதவைத் திறந்தால், அந்த நொடியில் கசிந்த அலையைத் தொலைநோக்கி பிடித்திருக்கிறது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, மரியாதைதான் வருகிறது. ஏனென்றால் அதே தொலைநோக்கி 2001-ல் பதிவு செய்து, 2007-ல் கவனத்துக்கு வந்த இன்னொரு துடிப்பு, நம் பால்வீதிக்கு வெளியே வெகு தொலைவிலிருந்து வந்தது. அந்த வகைத் துடிப்புகள் இன்று ஏராளமாகத் தெரிந்திருக்கின்றன. அடுப்பை அடுப்பு என்று பிடித்துத் தனியே ஒதுக்கிய பிறகு, மற்றதை இன்னும் உறுதியாக நம்ப முடிந்தது.

ஒன்றைக் கண்டால் இரண்டாவதையும் தேடுங்கள். 1967-ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், பதிவுக் காகிதச் சுருளில் ஒரு சிறு கிறுக்கலைக் கவனித்தார். விரித்துப் பார்த்தால் 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் தோற்கும் ஒழுங்கு. வேற்றுலகத்தார் அனுப்புவதோ என்ற பேச்சும் அங்கே எழுந்தது. 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்று செல்லப்பெயர்கூட வைத்தார்கள். அவர் ஊருக்குச் சொல்லிவிடவில்லை. சுருள்களைத் தொடர்ந்து புரட்டினார். வானத்தின் வேறொரு திசையில் அதே மாதிரி இரண்டாவது துடிப்பு கிடைத்தது. இரு வேறு திசைகளில் இருப்பவர்கள் சொல்லிவைத்துக்கொண்டு நம்மைக் கூப்பிடுவார்களா? அப்படித்தான், இப்படித் துடிப்பு அனுப்பும் விண்மீன்களான பல்சார்கள் உலகுக்குத் தெரியவந்தன.

"விளங்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லப் பழகுங்கள். 2017 அக்டோபரில் ஹவாயிலிருந்து கண்டுபிடித்த ஓமுவாமுவா, நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்து நாம் கண்ட முதல் பொருள். நம் கண்ணில் படும்போதே அது சூரியனைச் சுற்றித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. வாலும் இல்லை, தூசும் தெரியவில்லை. ஆனாலும் ஈர்ப்புவிசை மட்டும் இழுத்தால் போக வேண்டிய பாதையைவிட்டுக் கொஞ்சம் விலகிப் போனது. ஹைட்ரஜன் கசிந்து தள்ளியது என்கிறார்கள் சிலர், நைட்ரஜன் பனிக்கட்டி என்கிறார்கள் சிலர். யாரோ செய்து அனுப்பிய பொருளாக இருக்கலாம் என்று ஹார்வர்டின் ஆவி லோப் சொல்லிவருகிறார். மறுபடி பார்க்க அது திரும்பி வராது. அந்தக் கணக்கு இப்போதைக்குத் திறந்தே இருக்கிறது என்று சொல்வதில் வெட்கமே வேண்டாம். 2025 ஜூலை 1 அன்று சிலியிலிருந்து கண்டுபிடித்த மூன்றாவது விருந்தாளியான 3ஐ அட்லஸ் பற்றியும் இதே பேச்சு கிளம்பியது. ஆனால் அதைச் சுற்றி வாயுவும் தூசும் தெளிவாகத் தெரிந்தன, அது வால்மீன். முன்னது விளங்கவில்லை என்பதால் பின்னதும் விளங்காது என்று ஆகிவிடாது.

செவ்வாயில் குடியேறுவதைப் பற்றிப் பேசும்போது மூச்சிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். பெர்சிவரன்ஸ் வண்டியில் போன மாக்ஸி என்ற கருவி, செவ்வாயின் கரியமில வாயுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் காட்டியது. அருமையான சாதனை. 16 முறை இயக்கி மொத்தம் 122 கிராம் எடுத்தார்கள். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு 800 கிராமுக்கு மேல் வேண்டும். அந்த 122 கிராம் மூன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு இருக்கிறது. பூமியிலிருந்து கிளம்ப 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வசதியான நேரம் வாய்க்கும்.

பூமியிலேயே செய்துபார்த்ததையும் மறக்காதீர்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் 1991 செப்டம்பரில் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடி மாளிகைக்குள் எட்டுப் பேர் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். தோட்டம், குட்டிக் கடல், ஆடு, கோழி எல்லாம் உள்ளே இருந்தன. பதினாறு மாதத்தில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14.5-க்கு இறங்கியது, இரவில் தூங்க முடியாமல் தவித்தார்கள். கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. வளமாக இருக்கட்டும் என்று போட்ட எருமண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை வெளிவிட்ட கரியமில வாயுவைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. அதனால் செடிகளாலும் ஆக்சிஜனை மீட்டுத்தர முடியவில்லை. கதவைத் திறந்தால் காற்று உண்டு என்ற இடத்திலேயே இந்தப் பாடு. போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். ஆசைப்படுகிறவனுக்குத்தான் கான்கிரீட்டைப் பற்றியும் கவலை வேண்டும்.

செய்யக்கூடாதவை

விழுந்த பொருளைத் தொடாதீர்கள். 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் விழுந்தது. 2023-ல் நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பாகம் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கியது. ராக்கெட் தொட்டிகளில் ஹைட்ரசின் போன்ற கொடிய எரிபொருள் மிச்சம் இருக்கலாம். தள்ளி நின்று, குழந்தைகளையும் தள்ளி நிறுத்தி, போலீசுக்குச் சொல்லுங்கள். கருகிய தோல் போர்த்தியது மாதிரி, எடை கூடிய கல் கிடைத்தால் அது விண்கல்லாக இருக்கலாம். காந்தத்தை ஒட்டிப் பார்க்காதீர்கள். அந்தக் கல் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் காத்துவைத்த காந்தப் பதிவு ஒரே தொடுதலில் அழிந்துவிடும். கழுவவும் வேண்டாம். சுத்தமான பொட்டலத்தில் போட்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். நம் நாட்டில் விழும் விண்கற்களைப் பாதுகாப்பது அவர்கள்தான்.

ஜூம் செய்து எடுத்த படத்தைச் சாட்சியாகக் காட்டாதீர்கள். குவியம் தவறினால் எந்த விண்மீனும் தட்டாகத்தான் தெரியும்.

ஒரு சாவை வைத்து அவசரத் தலைப்பு எழுதாதீர்கள். 2016 பிப்ரவரி 6 அன்று அப்போதைய வேலூர் மாவட்டத்தின் நாட்றம்பள்ளி அருகே, ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிச்சத்தம் கேட்டு, பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். மறுநாளே விண்கல் என்று அறிவிப்பு வந்தது. உலகம் முழுக்க அது செய்தியானது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பைப்போல இருக்கிறது என்றார்கள். நம் மாதிரி வானப் பிரியர்களும் அன்றைக்கு 'விண்கல் தாக்கி இறந்த மனிதர்' என்று ஆர்வத்தோடு பகிர்ந்தோம், நானும் பகிர்ந்தேன். ஒரு குடும்பத்தில் ஆள் போய்விட்டார் என்பது அப்போது எங்கள் பேச்சில் வரவே இல்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஆகஸ்ட் 27-ல் செவ்வாய் நிலவளவுக்குத் தெரியும் என்று ஒவ்வொரு வருடமும் வரும் செய்தியை அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். 2003-ல் அதே தேதியில் செவ்வாய் ஏறக்குறைய 5.6 கோடி கி.மீ. அருகே வந்தது உண்மை. அன்றைக்கும் அது ஒரு புள்ளிதான்.

நிலவில் மனை வாங்காதீர்கள். 1967-ன் விண்வெளி ஒப்பந்தப்படி நிலவையோ மற்றக் கோள்களையோ எந்த நாடும் தனதென்று உரிமை கொண்டாட முடியாது. நாட்டுக்கே இல்லாத பட்டாவை உங்களுக்கு யார் எழுதித் தர முடியும்?

பூமி கெட்டுவிட்டது, வேறு கோளுக்குப் போய்விடலாம் என்று பேசாதீர்கள். அண்டார்டிகாவின் குளிர்கால இரவும் செவ்வாயின் நல்ல பகலைவிட நமக்கு இணக்கமானது; அங்கே மூச்சு விடலாம். அதோடு, "முதலில் கடன் கொடுத்து அழைத்துப்போவோம், அங்கே உழைத்துக் கழிக்கட்டும்" என்ற யோசனையும் சிலர் பேச்சில் அடிபடுகிறது. தமிழர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டக் கூடாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சனம் கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தோடுதான் கப்பலேறியது. கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' கைக்கு வராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அங்கேயாவது ஓடிப்போகக் காடு இருந்தது. காற்றே முதலாளியின் குழாயில் வரும் ஊரில் கூலிக்காரன் எங்கே ஓடுவான்? குடியேற்றம் என்ற பேச்சு வந்தால் ராக்கெட்டுக்கு அடுத்தபடியாக இந்தக் கேள்வியையும் கேளுங்கள்.

பார்த்தேன் என்று வருகிறவரைக் கேலி செய்யாதீர்கள், குழந்தையாக இருந்தால் ஒருபோதும் செய்யாதீர்கள். ஒருமுறை சிரித்தால் அடுத்த முறை பார்த்ததைச் சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நாளில் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். அக்காவின் மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தேதி, மணி, திசை, முஷ்டிக் கணக்கு, கடைசியில் 'என்ன?' என்று ஒரு கட்டம். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டங்கள் நிரம்பின: வெள்ளி, விமானம், விண்வெளி நிலையம், கல்யாண மண்டப லேசர், மறுபடி வெள்ளி. பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அதிகாலை 3.10, தெற்கே, கீழிருந்து நான்கு முஷ்டி, ஒரே இடத்தில் மூன்று முறை மின்னியது, இடைவெளி 11 விநாடி. விமானம் இல்லை என்று பார்த்துவிட்டோம். சுழலும் பழைய செயற்கைக்கோளாக இருக்குமோ என்று தெரிந்த பட்டியலையெல்லாம் தேடினோம், பொருந்தவில்லை. கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று அவள் கேட்டாள். காலியாக விடு என்றேன். பென்சிலால் மட்டும் ஓரத்தில் சின்னதாக 'தேடணும்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.