ஊசியின் மேல் விழும் பழி

பழைய ரெக்கோட் பிளேயரைப் புதிய அம்பிளிபயரில் செருகியதும் பாட்டுக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டால், முதலில் பழி விழுவது ஊசியின் மேல். ஆனால் தேய்ந்த ஊசி சத்தத்தைக் குறைப்பதில்லை. அது சத்தத்தைக் கரகரப்பாக்கும். 'ச', 'ஷ' போன்ற ஒலிகளைச் சிதறடிக்கும். இசைத்தட்டின் உள்வட்டத்தை நெருங்க நெருங்க மோசமாகும். பாட்டுத் தெளிவாக இருந்தும் சன்னமாக, அடிநாதம் இல்லாமல் ஒலித்தால், கோளாறு பெரும்பாலும் ஊசியில் இல்லை, செருகிய துளையில் இருக்கிறது.

ஊசியைத் தாங்கும் காந்தக் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட் அளவு, அதாவது 400 மடங்கு. இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றும் உண்டு. இசைத்தட்டில் பாட்டை வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். 1954இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. வரையறைப்படி, இந்த மாற்றம் இரு கோடிகளிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு. 'போனோ' என்று எழுதிய துளை சத்தத்தை நூறு மடங்கு பெருக்கி, இந்த ஏற்றத்தாழ்வையும் நேராக்கும். 'ஆக்ஸ்' துளை இரண்டையும் செய்யாது. ஆகவே 'வொலியூமைக் கூட்டினால் சரியாகிவிடும்' என்பது பிழை. எவ்வளவு கூட்டினாலும் மிருதங்கத்தின் தொப்பி திரும்பி வராது, இரைச்சல்தான் கூடும். போனோ துளை இல்லாத அம்பிளிபயருக்கு இடையில் ஒரு போனோ பிரீஅம்ப் தேவை. அதே பிரீஅம்ப் பிளேயருக்குள்ளேயே இருந்தால் வெளியே இன்னொன்று வைக்கக் கூடாது. இரண்டு முறை பெருக்கிய சத்தம் சிதைந்துதான் வரும்.

அதற்காக எல்லாப் பழைய பிளேயருக்கும் பிரீஅம்ப் வேண்டும் என்பதும் சரியல்ல. எச்.எம்.வி. பியஸ்டா போன்ற பெட்டிப் பிளேயர்களில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். 78 சுற்றுத் தட்டுக்கும் எல்.பி.க்கும் ஊசியை மாற்றித் திருப்பும் சிறு நெம்பு தலையில் இருந்தால் அது பெரும்பாலும் அந்த வகைதான். அதன் மின்னழுத்தம் காந்த வகையைப்போலப் பல பத்து மடங்கு. போனோ துளையில் செருகினால் பாட்டு உடைந்து கேட்கும். ஆக்ஸில் செருகலாம். ஆனால் செராமிக் கார்ட்ரிட்ஜுக்கு எதிரே 10 இலட்சம் ஓம் அளவு தடை வேண்டும். சாதாரண ஆக்ஸ் துளையின் தடை சில பத்தாயிரம் ஓம்தான், அதனால் அடிநாதம் மெலிந்துவிடும். ஒவ்வொரு பக்கத்து வயரிலும் தொடராக ஒரு பெரிய தடையைப் பற்றவைத்தால் சத்தம் கொஞ்சம் குறையும், அடிநாதம் மீளும்.

ஐரோப்பியப் பிளேயர்களின் ஐந்து முள் வட்டப் பிளக் இன்னொரு பொறி. அதில் 2ஆம் முள் எர்த், 3 இடது, 5 வலது. டேப்பில் பதிவதற்கென்று செய்த மாற்று வயர்கள் 1ஐயும் 4ஐயும் தொடுகின்றன. அப்படி ஒரு வயரைப் போட்டுவிட்டு 'பிளேயர் செத்துவிட்டது' என்று ஒதுக்கிவைத்தால், அந்தப் பிளேயரில் எந்தக் குறையும் இல்லாமலே அது வீணாகிறது.

ஒரு பக்க ஸ்பீக்கர் மௌனமாகும்போது, தலையின் மேல் நாணயம் வைத்து அழுத்தும் பழக்கம் உண்டு. காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு வேண்டிய பாரம் பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராம். ஓர் இரண்டு ரூபா நாணயமே அதைவிடப் பாரம். அது தட்டின் பள்ளத்தைத்தான் உழுதுவிடும். உண்மைக் காரணம் புத்தளக் கரையின் காற்றில் இருக்கிறது. கடலுக்கும் புத்தளக் களப்புக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டியிலும், உப்பளங்களை அடுத்த பாலாவியிலும் சோளகக் காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள் உள்ள செம்பும் பித்தளையும்கூடக் களிம்பேறும். தலையைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் மயிரிழை போன்ற நான்கு வயர்கள் நான்கு முள்களில் மாட்டியிருக்கும்: வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. ஒவ்வொன்றாக இடுக்கியால் மெல்ல இழுத்து, முள்ளைப் பென்சில் அழிரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டினாலே பல பிளேயர்கள் இரண்டு பக்கமும் பாடத் தொடங்கும். திரும்ப மாட்டும்போது ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளையும் நீலமும் இடம் மாறினால் அடிநாதம் மறுபடியும் காணாமற்போகும், இம்முறை வேறு காரணத்தால்.

'ம்ம்ம்' என்ற இரைச்சலுக்கு 'கரண்டுதான் சரியில்லை' என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. வொலியூமை முற்றாகக் குறைத்துப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். இரைச்சல் அப்படியே நின்றால் அது அம்பிளிபயரின் மின்வழங்கியில் உலர்ந்துபோன கப்பாசிற்றரிலிருந்து வருகிறது. வொலியூமோடு கூடிக் குறைந்தால் பிளேயர் பக்கத்து இணைப்பில். பிளேயரிலிருந்து தனியாகத் தொங்கும் மெல்லிய வயரை அம்பிளிபயரின் எர்த் திருகில் முடுக்குவதே பெரும்பாலும் போதும். அதை விட்டுவிட்டு மூன்று முள் பிளக்கின் எர்த் வயரை வெட்டுவது உயிராபத்து. காப்பு தேய்ந்த பழைய இரும்புப் பெட்டியில் 230 வோல்ட் ஏறினால், அதைக் கொண்டுபோக வேறு வழி இருக்காது.

புத்தளம் மாவட்டத்துக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு: இசைத்தட்டில் பாட்டுக்குப் பின்னால் யாரோ பேசுவது கேட்கும். 'பிளேயருக்குள் ரேடியோ இருக்கிறது', 'தட்டில் வேறு பதிவு கலந்திருக்கிறது' என்ற இரு விளக்கமும் தவறு. தட்டிலிருந்து ஊசியைத் தூக்கிய பின்னும் பேச்சுத் தொடர்ந்தால் அது தட்டிலிருந்து வரவில்லை என்பது உறுதி. புத்தளத்தில் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் மத்திய அலை ஒலிபரப்பி உண்டு. 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட் வலுவோடு, கடல் தாண்டி இந்தியாவுக்குக் கேட்பதற்காக அமைக்கப்பட்டது. இவ்வளவு வலு அருகில் இருக்கும்போது ஒரு மீற்றர் வயரே ஏரியல் ஆகிவிடும். களிம்பேறிய இணைப்பு ஒன்று டயோட்டைப்போல நடந்து அந்த அலையிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும், போனோ துளை அதை நூறு மடங்காக்கும். இணைப்புகளைச் சுத்தம் செய்வது, நீள வயரை மாற்றிக் குட்டையான, நல்ல உலோக வலை உறை கொண்ட வயரைப் போடுவது, அதை ஒரு பெரைட் வளையத்துக்குள் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுவது ஆகியவை பெரும்பாலும் பேச்சை அடக்கிவிடும்.

கடைசியாக வேகம். சவூதியிலிருந்து கொண்டுவந்த பிளேயரில் பெண் குரல் ஆண் குரலாக இழுபட்டால் 'ட்ரான்ஸ்போமர் போட்டால் சரி' என்பார்கள். ட்ரான்ஸ்போமர் வோல்டை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஏசி மோட்டார் ஓட்டும் தட்டு அதனால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுழலும். பாட்டு ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் கீழே இறங்கும். டிசி மோட்டார் உள்ள பிளேயருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஏசி மோட்டாருக்கு, அச்சில் உள்ள சின்னக் கப்பியைக் கழற்றி, விட்டத்தில் ஐந்துக்கு ஆறு என்ற அளவில் பெரியதை மாட்ட வேண்டும்.