எட்டுப் பேர்ச்சில் ஒரு வீடு

வெள்ளவத்தை

அன்புள்ள மருமகனுக்கு,

ஹெந்தளைக் காணியில் வீடு கட்டப் போகிறாய் என்று அக்கா சொன்னா. நீ அனுப்பிய வரைபடத்தையும் பார்த்தேன். இரண்டு மாடி, நாலு அறை, முன்னுக்குப் பெரிய விறாந்தை. கையிலிருக்கும் காசு பாதி வேலைக்கும் காணாது, மிச்சத்துக்குக் கடன் எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த வளவை நீ கோடையில்தான் பார்த்திருக்கிறாய். தெற்கே களனி கங்கை, வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு, இடையில் ஹமில்டன் கால்வாய். அடைமழை பெய்து மூன்றாம் நாள் போய் நின்று பார். அயல்வீட்டுக்காரரிடம் வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேள், சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். 2016 மே மாதம் கங்கை பெருகியபோது கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் எத்தனை குடும்பங்கள் உடுத்த உடுப்போடு வெளியேறின என்பது உனக்குத் தெரியும்.

மண் போட்டு உயர்த்தலாம் என்கிறாய். கணக்குப் பார். எட்டுப் பேர்ச் என்றால் 2,178 சதுர அடி. இரண்டடி உயர்த்த 43 கியூபுக்கு மேல் கிரவல் வேண்டும். இறுகும்போது தாழும், ஆகவே அதற்கும் கூடத்தான். முழு வளவையும் உயர்த்தினால் உன் தண்ணீர் பக்கத்து வீட்டுக் குசினிக்குள் போகும். வீடு நிற்கும் இடத்தை மட்டும் உயர்த்து, மிச்சத்தில் தண்ணீர் நின்று வடியட்டும். தாழ்நிலமென்றால் நிரப்பவும் அனுமதி எடுக்கவேண்டும், மறந்துவிடாதே. நிலத்தடி நீர் இவ்வளவு மேலே இருக்கும் இடத்தில் மலசலக் குழியை எங்கே, எந்த உயரத்தில் வைப்பது என்பதைப் படுக்கையறைக்கு முன்னால் தீர்மானி.

நானும் உன் வயதில் கல்கிசையில் பெரிதாகத் தொடங்கினேன். முழுக் காசையும் முன்பணமாக வாங்கிய கொந்தராத்துக்காரர் சிலாப் போடுவதற்கு முன்பே வரவை நிறுத்திவிட்டார். ஆறு வருடம் கம்பிகள் துருப்பிடித்து நின்றன. வாடகையும் கட்டி, கடனும் கட்டி, உன் மாமி நகைகளை அடகு வைத்தா. அந்த வீட்டில் நாங்கள் ஒருநாளும் குடியிருக்கவில்லை.

கொழும்பு வடக்கில் நவகம்புரவைப் போய்ப் பார். 1980களில், பத்து இலட்சம் வீட்டுத் திட்டக் காலத்தில், குடிசைகளிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே இரண்டு பேர்ச் துண்டுகள்தான் கிடைத்தன. சின்னக் கடனோடு தாங்களே கட்டினார்கள். முதலில் ஒரு அறை, ஒரு கூரை. காசு சேரச் சேர மேலே எழுப்பினார்கள். உன்னிடம் அதைப்போல நாலு மடங்கு நிலம் இருக்கிறது.

நீயும் அப்படியே செய். இரண்டு அறை, குசினி, குளியலறை. அத்திவாரத்தை மட்டும் மாடியையும் தாங்குமாறு இப்போதே பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு கணக்கிட்டுப் போடு. காசைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். மேலே விடும் தூண் கம்பிகளை மெல்லிய கொங்கிரீட்டால் மூடு. தரை ஓடு, கூரைத்தட்டு எல்லாம் பிறகு வரலாம். மேசன் பாஸுக்குக் கூலி மட்டும் பேசு, சாமானை நீயே வாங்கு, ஒவ்வொரு கட்ட வேலையும் முடிந்த பிறகு காசு கொடு. 2022 இல் ஒரு மூடை சீமெந்து மூவாயிரம் ரூபாயைத் தாண்டியபோது பாதியில் நின்ற வீடுகள்தான் மாட்டுப்பட்டன. கூரை போட்டுக் குடிபுகுந்தவர்கள் மாடியைத் தள்ளிப்போட்டுவிட்டுச் சோறு சமைத்தார்கள்.

பிரதேச சபை அனுமதியும் வீதிக்கோடும் கிடைக்காமல் ஒரு கல்லும் இறக்காதே. கோட்டைத் தாண்டிக் கட்டிய மதிலைப் பிறகு இடிக்க வந்தால், கட்டிய காசும் வீண், இடிக்கும் காசும் வீண்.

ஞாயிறு காலை நான் வத்தளை பஸ்ஸில் வருகிறேன். பாஸையும் ஒரு மண்வெட்டியையும் கொண்டு வா. நாலு மூலையிலும் ஆளளவு தோண்டி, கீழே என்ன மண் என்று பார்ப்போம். அதுவரை அந்த வரைபடத்தில் கையெழுத்து வைக்காதே.

அன்புடன்,
மாமா