உயிரெழுத்து வரிசையில் ஓராண்டு வாசிப்பு

தமிழில் உயிரெழுத்துகள் 12. ஆண்டின் திங்கள்களும் 12. திங்களுக்கோர் எழுத்தாக, அவ்வெழுத்தில் தொடங்கும் நூலொன்றைப் பயிலுதல் நற்பயிற்சியாகும். அகரத்திற்கு அகநானூறும், ஆகாரத்திற்குக் கி.பி. 1572இல் அரங்கேறிய ஆயிரமசலாவும், ஏகாரத்திற்கு ஏலாதியும், ஐகாரத்திற்கு ஐங்குறுநூறும் அமையும். நூற்பெயர் வாய்க்காதவிடத்துப் புலவர் பெயர் துணைநிற்கும்: ஊகாரத்திற்கு ஊன்பொதி பசுங்குடையார், ஒகரத்திற்கு ஒட்டக்கூத்தர், ஔகாரத்திற்கு ஔவையார்.

யான் இம்முறையை மேற்கொண்டபோது, என் விருப்பம் ஒதுக்கி வைத்திருந்த நூல்களை எழுத்து என் கையில் தந்தது. பல்லாண்டு பாடம் நடத்தியும், வெண்பாதோறும் ஆறு கருத்துகளை உரைக்கும் ஏலாதியை முழுமையாகக் கற்றிராத குறையை அப்போதே உணர்ந்தேன். தேர்வுக்குரிய பகுதியே இலக்கியமெனக் கருதும் மாணவ மணிகளே, ஆசிரியனுக்கு நேர்ந்த இக்குறை உங்களுக்கும் நேராதிருக்க, இன்றே அகரத்தில் தொடங்குக.