கடை முதலாளி வாக்குக் கேட்டால்

கேள்வி: மீளக்குடியேறிய காலம் தொடக்கம் மல்லாவியில் பலசரக்குக் கடை நடத்தி வருகிறேன். அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கும்படி வர்த்தக நண்பர்கள் கேட்கிறார்கள். “அரசியலுக்குப் போனால் கடை படுத்துவிடும்” என்கிறார் மனைவி. சின்ன வியாபாரி ஒருவர் தேர்தலில் நிற்பது சரிவருமா? – வாசகர், மல்லாவி

பதில்: சரிவரும். ஆனால் மனைவியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

முதலில் சட்டம். இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தலில் ஒருவர் தனியாளாக நிற்க முடியாது. ஒன்றில் கட்சி, இல்லாவிட்டால் சுயேச்சைக் குழு. சுயேச்சைக் குழு என்றால் மல்லாவி அடங்கும் துணுக்காய் பிரதேச சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் ஆள் நிறுத்தி, விகிதாசாரப் பட்டியலையும் நிரப்ப வேண்டும். 2017இல் திருத்தப்பட்டு 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலில் முதன்முதல் நடைமுறைக்கு வந்த கலப்பு முறையில், உறுப்பினர்களில் 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதமானோர் பட்டியலிலிருந்தும் தெரிவாகிறார்கள். சபையில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே மல்லாவிச் சந்தியில் செல்வாக்குள்ள ஒரு கடை முதலாளி மட்டும் போதாது. யோகபுரத்திலும் அனிச்சியன்குளத்திலும் ஆட்கள் வேண்டும், அவர்களில் பெண்களும் இளைஞர்களும் வேண்டும். தையல் கடை, மில், சிற்றுண்டிக்கடை என்று வன்னியில் தாமாகவே தொழில் நடத்தும் பெண்கள் எத்தனையோ பேர். கணக்கு வழக்கிலும் துணிவிலும் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். குழு அமைக்கிறவர்கள் இடம் நிரப்புவதற்காக அவர்களைக் கடைசியில் தேடாமல், முதலிலேயே போய்க் கேட்பது நல்லது.

வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இராது என்பதைப் பல புதியவர்கள் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். கட்சியின் பெயரும் சின்னமும், அல்லது சுயேச்சைக் குழுவின் இலக்கமும் சின்னமும் மட்டுமே இருக்கும். கடைக்காரரின் முகத்தை ஊரே அறியும், வாக்குச்சீட்டு அறியாது. பழகிய ஒரு கட்சிச் சின்னத்துக்கு எதிராக, சில வாரங்களுக்கு முன்பு கிடைத்த புதுச் சின்னத்தை வீடுவீடாகக் கொண்டுபோய் மனதில் பதிய வைப்பதுதான் சுயேச்சைக் குழுவின் முழு வேலையும்.

கட்டுப்பணமும் வேறுபடும். 2025 தேர்தலில் கட்சி வேட்பாளர் ஒருவருக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக் குழு வேட்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபாய். பத்திரங்களில் கவனம் இன்னும் முக்கியம். அந்த ஆண்டு மார்ச்சில் வடக்கில் பல வேட்புமனுக்கள் தள்ளுபடியாயின. இளைஞர் வேட்பாளர்களின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதி முறையாக உறுதிப்படுத்தப்படவில்லை என்பதற்காகத் தள்ளப்பட்ட மனுக்கள் நீதிமன்றம் வரை போயின. மாங்குளம், ஒட்டுசுட்டான் கடந்து முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்துக்குப் போய், ஒரு கையொப்பம் இல்லாமல் திரும்பிவருவது பெரிய கொடுமை. இன்னொன்று: வேட்பாளர் அந்தச் சபை எல்லைக்குள் வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். கடை மல்லாவியில், வாக்கு யாழ்ப்பாணத்தில் என்றிருக்கும் வியாபாரிகளுக்கு இந்தக் கதவு திறக்காது.

இனிக் கடைக்கு வருவோம். வவுனிக்குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் ஊர்களில் பலசரக்குக் கடை என்பது பாதி வங்கி. “வெட்டினால் தாறன்” என்ற சொல்லை நம்பி மா, சீனி, பருப்பு எல்லாம் கொப்பியில் ஏறும். காலபோக அறுவடை முடிந்துதான் காசு திரும்பும். 2018 தேர்தல் அந்த அறுவடைக் காலத்திலேயே வந்தது. 2023 மார்ச் 9 என்று குறிக்கப்பட்ட தேர்தலும் அப்படித்தான். கடன் கேட்கப் போகிற அதே படலைக்கு வாக்குக் கேட்டும் போக வேண்டிய நிலை வேட்பாளருக்கு வரும்.

இங்கேதான் வியாபாரி வழுக்கி விழுகிறார். “உங்கட கணக்கை விடுங்கோ, வாக்கைப் போடுங்கோ” என்று சொன்னால் அது தேர்தல் சட்டப்படி இலஞ்சம். “வாக்குப் போடாவிட்டால் இனிக் கடன் இல்லை” என்று சொன்னால் அது முறைகேடான அழுத்தம். இரண்டும் குற்றம். வென்ற பதவியையே பறிக்கக்கூடிய குற்றம். தேர்தல் முடியும்வரை கடன் கொப்பியை மகனிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டு, வேட்பாளர் அதைத் தொடாமலிருப்பதே நல்ல வழி. வாக்காளர் பட்டியலும் கடன் கொப்பியும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது.

கடை படுத்துவிடும் என்ற பயத்துக்கு ஹாரி ட்ரூமனின் கதை பொருந்தும். முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய அவர், 1919இல் கான்சாஸ் நகரத்தில் போர்க்கால நண்பர் எடி ஜேக்கப்சனுடன் ஆண்களுக்கான உடுப்புக் கடை திறந்தார். பொருளாதாரம் சரிந்தது, 1922இல் கடை மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் அவர் ஜாக்சன் கவுண்டியின் நிர்வாக சபைக்குப் போட்டியிட்டு வென்றார். வீதியும் வரவு செலவும் பார்க்கிற பதவி அது, கிட்டத்தட்ட நம்முடைய உள்ளூராட்சி மாதிரி. 1924இல் தோற்றார், 1926இல் மறுபடி வென்றார். கடையின் கடன் வருடக்கணக்காக அவரைத் துரத்தியது. அவரோ வங்குரோத்து அறிவித்துத் தப்பாமல் கொஞ்சங் கொஞ்சமாகக் கட்டினார். பின்னாளில் ஜனாதிபதியானார் என்பதைவிட, கடன் கட்டிய இந்தக் காலம்தான் நமது வாசகருக்கு உதவும். கடை படுத்தாலும் பெயர் படுக்காமல் காக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

தமிழகத்திலும் உதாரணம் உண்டு. பெரியகுளத்தில் தேநீர்க்கடை வைத்திருந்த ஓ. பன்னீர்செல்வம் 1996இல் அந்த ஊர் நகராட்சித் தலைவரானார். அவருடைய அ.தி.மு.க. அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் அடியோடு தோற்றிருந்தது. மாநிலமே எதிர்த்திசையில் போன நேரத்தில் வந்த வெற்றி அது. 2001இல் சட்டமன்ற உறுப்பினராகி, அதே ஆண்டு செப்டெம்பரில் முதலமைச்சரும் ஆனார். அதற்கும் முன்னே, ஈரோட்டில் மண்டி வியாபாரம் செய்த பெரியார் ஈ.வெ.ரா. நகரசபைத் தலைவராக இருந்தார். 1919இல் அந்தப் பதவியைத் துறந்துதான் காங்கிரசில் சேர்ந்தார்.

பணத்தில் மனைவியின் கணக்கு சரியாகத்தான் இருக்கும். உறுப்பினரின் மாதக் கொடுப்பனவை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. 2023 ஜனவரியில் வேட்புமனு கொடுத்தவர்கள் பட்டதை மறக்கக் கூடாது. மார்ச் 9 தள்ளிப்போனது, ஏப்ரல் 25 என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. கடைசியில் பழைய வேட்புமனுக்கள் இரத்துச் செய்யப்பட்டு, 2025 மே 6இல்தான் வாக்களிப்பு நடந்தது. சுவரொட்டிக்கும் வாகனத்துக்கும் கைக்காசு செலவழித்த சிறு வேட்பாளர்களுக்கு அந்தக் காசு போனது போனதுதான். ஆகவே கடையின் முதலீட்டில் கைவைக்கக் கூடாது. சரக்கு எடுக்கும் பணத்தைத் தேர்தலுக்கு எடுக்கிறவர் தேர்தலுக்கு முன்பே தோற்றுவிடுகிறார்.

வென்றால் என்ன செய்யலாம்? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச்சந்தை, உள்வீதி, வடிகால், குப்பை, நூலகம், மயானம், வியாபார அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் சபையிடம் கொடுத்திருக்கிறது. சந்தைக் கூரை ஒழுகுவதும் கட்டாக்காலி மாடு வீதியில் படுப்பதும் கொழும்பில் தீர்க்கப்படுகிற விடயங்கள் அல்ல. 2025இல் வடக்கின் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அப்படியான சபையில் ஒற்றை உறுப்பினரின் கைக்கும் பாதீட்டு வாக்கெடுப்பில் கனம் உண்டு.

அந்தக் கனம் சொந்தக் கடைக்குப் பயன்பட்டால் கேடு. சந்தைக் கடைகளின் வாடகையோ தன் தெருவின் வடிகாலோ பேசப்படும்போது, தனக்கு அதில் நலன் இருப்பதை எழுந்து சொல்லிவிட்டு ஒதுங்குவதே அழகு. சபைக்குச் சீமெந்தோ குழாயோ வழங்கும் ஒப்பந்தம் இருக்கிறவர், தகுதிச் சிக்கல் வருமா என்று வேட்புமனுவுக்கு முன்பே சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, வென்றாலும் தோற்றாலும் முடிவு வெளியாகி 21 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். தினமும் கல்லாக் கணக்கு எழுதுகிறவருக்கு இது பாரமில்லை. வாசகர் நிற்கட்டும். ஆனால் அதற்கு முன் துணுக்காய் பிரதேச சபையின் மாதக் கூட்டங்களுக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போய், பார்வையாளராக இருந்து பார்த்துவிட்டு இருவருமாக முடிவெடுக்கட்டும்.