நிலையான வட்டி நிலையானதுதானா?

1872ஆம் ஆண்டிலேயே ஹிந்து பெர்மனென்ட் ஃபண்டு என்று தனக்கென ஒரு நிதியை ஸ்தாபித்துக்கொண்ட மயிலாப்பூர், கடன் விவகாரத்தில் அனுபவம் குறைந்த பிரதேசமன்று. ஆயினும் மாட வீதிகளிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் ஃபிளாட் வாங்கப் புறப்படுகிறவர்களிடையே இன்று உலவும் அபிப்பிராயங்களிற் சில, நம் பாட்டனார் காலத்துக் கைமாற்றுக்குக்கூடப் பொருந்தாதவை.

நிலையான வட்டியில் வாங்கிய கடன் இருபது ஆண்டும் அசையாமல் நிற்கும் என்பது அவற்றுள் தலையாயது. நம் நாட்டில் அப்பெயரால் விற்கப்படும் கடன்களுள் பல, முதல் இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே மாறாதிருந்து, பின்னர் மாறும் வட்டிக்குப் போய்விடுபவை; முழுக்காலத்துக்கும் மாறாதென்று சொல்லப்படுவனவற்றிலும், வட்டியைத் திருத்தும் அதிகாரத்தை நிறுவனத்துக்கே அளிக்கும் ஷரத்து ஒன்று ஒப்பந்தத்தின் உட்பக்கங்களில் இருக்கக்கூடும். அதை வாசியாமல் கையெழுத்திடுகிறவர், நிம்மதிக்கென்று கூடுதல் வட்டியும் கொடுத்து, அந்த நிம்மதியையும் பெறாதவராகிறார்.

ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தைக் குறைத்த மாத்திரத்தில் எல்லோருடைய வட்டியும் தானாகவே இறங்கிவிடும் என்பது மற்றொரு பிரமை. வங்கிகள் தனிநபருக்குப் புதிதாக அளிக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன், 2019 அக்டோபர் 1 முதல், ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் திருத்தப்பட வேண்டும் என்பது விதி. அதற்கு முன், வங்கியின் சொந்த நிதிச்செலவை அடிப்படையாகக் கொண்ட எம்.சி.எல்.ஆர். முறையில் வாங்கி அதிலேயே இருந்துவிட்டவருக்கும், தம் அளவுகோலைத் தாமே வகுத்துக்கொள்ளும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களில் வாங்கியவருக்கும் இவ்விதி உதவாது. ஆதலால் 2025இல் ரெப்போ 6.50 சதவிகிதத்திலிருந்து 5.25 வரை இறங்கியபோது, ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் குடியிருப்போர் இருவருள் ஒருவருக்கு வட்டி குறைந்து மற்றவருக்குக் குறையாதிருந்தால், அதில் ஆச்சரியமில்லை.

எல்லாவற்றினும் அபாயகரமானது, மாதத்தவணை மாறவில்லையென்றால் கடனும் மாறவில்லை என்ற நம்பிக்கை. 2021இன் இறுதியில் ஆறரை சதவிகித வட்டிக்கு 50 லட்சம் ரூபாயை இருபது ஆண்டுத் தவணையில் வாங்கியவரின் மாதத்தவணை சுமார் 37,279 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவிகிதத்திலிருந்து 6.5க்கு ஏறியது, அவ்வளவும் இவர் தலையிலும் ஏறி வட்டி 9 சதவிகிதமாயிற்று என்று கொண்டால், அசல் 48 லட்சமாகக் குறைந்த நிலையிலும் ஒரு மாத வட்டிக்கே 36,000 ரூபாய் போய்விடும். அசலிற் கழிவது ஆயிரத்துச் சொச்சமே. தவணைத்தொகை அப்படியே இருக்க, எஞ்சிய காலம் மட்டும் முப்பத்தெட்டு ஆண்டுகளாக நீளும். அதற்குள் கடனாளி ஓய்வு பெற்றுப் பேரன் பேத்திகளையும் கண்டிருப்பார்!

விலை முழுவதையும் வங்கியே தந்துவிடும் என்று நம்புவோரும் உளர். கடன் 75 லட்சத்துக்கு மேற்பட்டால் வீட்டு மதிப்பில் 75 சதவிகிதமே வரம்பு; அம்மதிப்பில் பத்திரச் செலவு சேராது. ஒன்றரைக் கோடிக்குப் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்குகிறவர் முப்பத்தேழரை லட்சத்தோடு, முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம் என்ற கணக்கில் இன்னும் பதின்மூன்றரை லட்சமும் கையிலிருந்தே எடுத்து வைக்க வேண்டும்.

முன்கூட்டி அடைத்தால் அபராதம் என்ற அச்சமோ, மாறும் வட்டியில் வாங்கிய தனிநபரைப் பொறுத்தவரை, 2012லேயே வங்கிகளுக்கு இடப்பட்ட தடையோடு தீர்ந்துபோன ஒன்று.

வட்டி திருத்தப்படும்போது தவணைத்தொகையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கடனாளிக்கே அளித்திருக்கிறது. ஆகவே வீட்டுக்கடன் வைத்திருக்கும் அன்பர்கள், தம் கடன் எந்த அளவுகோலோடு இணைந்திருக்கிறது, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்ற இரண்டையும் இவ்வாரமே கிளைக்குச் சென்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன்.