முதலிடம் எந்தப் படத்துக்கு?

கேள்வி: கிறிஸ்துமஸ் படங்களில் எதற்கு முதலிடம் தருவீர்கள்? ‘டை ஹார்ட்’தான் என்று என் நண்பர்கள் அடம்பிடிக்கிறார்கள். அது கிறிஸ்துமஸ் படமே இல்லை என்கிறேன் நான்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் நண்பர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1988 ஜூலையில் வெளியானாலும் அதன் கதை முழுக்கக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில்தான் நடக்கிறது. பிரிந்திருக்கும் மனைவியைப் பார்க்கத்தானே நாயகன் விமானம் ஏறி வருகிறான்? பட்டியலில் தாராளமாகச் சேர்க்கலாம்.

ஆனால், முதலிடம் என்றால் என் ஓட்டு 1946இல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்துக்குத்தான். வெளியானபோது வசூலில் சறுக்கிய படம் அது. 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் உரிமைக் கட்டணம் இல்லாமலே அமெரிக்கத் தொலைக்காட்சிகள் டிசம்பர்தோறும் போட்டுத் தள்ள, வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

தேவதை வரும் பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிது, நாயகன் ஜார்ஜ் நடத்தும் சிறு நிதி நிறுவனத்தில் போட்ட பணத்தைத் திரும்பக் கேட்டுக் கூட்டம் முண்டியடிக்கும் காட்சி. தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை எடுத்துக் கொடுக்கிறான் ஜார்ஜ். முதலில் வந்தவர் 242 டாலரையும் மொத்தமாகக் கேட்கிறார். அடுத்தடுத்து வருபவர்கள் 20 போதும் என்கிறார்கள். ஒரு பெண்மணி தயங்கித் தயங்கி, பதினேழரை டாலர் கிடைக்குமா என்கிறார். ஜார்ஜ் எட்டி அவர் கன்னத்தில் முத்தமிடுகிறான். ஜார்ஜாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகத்தை அந்த இடத்தில் பாருங்கள்; நன்றி, சோர்வு, பாசம் எல்லாம் ஒரே நொடியில்! இதற்கு ஈடான காட்சி ‘டை ஹார்ட்’டில் உண்டா என்று நண்பர்களிடம் கேளுங்கள்.