ஃபேன் சுத்துதா? வண்டி சூடானால் நாம் பார்க்க வேண்டியவை



நம் கூட்டமைப்பில் சில குழுக்கள் பொருளாதாரக் கடன் பெற்று 'குட்டியானை' வாங்கி, உழவர் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வருகின்றன. கடன் குழுவின் பெயரில், தவணை கட்டுவது நாம். ஆனால் வண்டி வழியில் நின்றுவிட்டால், "இன்ஜின் சூடாயிடுச்சு, பெரிய வேலை" என்று டிரைவர் சொல்வதையும் பட்டறையில் எழுதித் தரும் சீட்டையும் அப்படியே நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். ஒரு குழுவுக்கு அப்படித்தான், இன்ஜின் ஹெட்டையே கழற்ற வேண்டும் என்று மூன்று மாதத் தவணை அளவுக்குச் செலவுக் கணக்கு வந்தது. உறுப்பினர்கள் சம்மதிக்காமல் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினார்கள். கெட்டிருந்தது கைக்கு அடக்கமான ஒரு ரிலே மட்டும்தான். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. அதனால்தான் இந்த மாதப் பாடம், ரேடியேட்டர் ஃபேன்.

சூடான பாலை எப்படி ஆற்றுகிறோம்? அகலப் பாத்திரத்தில் ஊற்றிக் காற்றுப் படவைக்கிறோம். வண்டியிலும் அதே வேலைதான். இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்குள்ள மெல்லிய குழாய்களில் காற்றுப் பட்டு ஆறி, மறுபடி இன்ஜினுக்குப் போகிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதும். வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான் ஃபேன் கட்டாயம் வேண்டும்.

இதிலேயே முதல் துப்பு இருக்கிறது. டிரைவரிடம், "எங்கே சூடாச்சு?" என்று கேளுங்கள். சந்தை வாசலில் இன்ஜின் ஓடியபடி நின்றபோது முள் ஏறி, ரோட்டில் ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் மேல்தான் முதல் சந்தேகம். நல்ல ரோட்டில் வேகமாகப் போகும்போதே சூடானால் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று பார்க்கச் சொல்லுங்கள். கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் இரண்டும் கலந்து வரும். லோடும் அதிகம், வேகமும் இல்லை. அங்கே சூடானதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

முள் சிவப்புக்குப் போனால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். அதன் பிறகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, சூடு அடங்கியிருந்தால் மட்டும் ரேடியேட்டர் மூடியில் கை வையுங்கள். பிரஷர் அடங்காமல் குக்கரைத் திறப்போமா? இதுவும் அதே கதைதான். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது, ஹெட் விரிசல் விடலாம்.

இன்னொன்று, பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும். அதனால் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றாமல் ஃபேன் பக்கம் கையை நீட்டக் கூடாது. ஓட விட்டுப் பார்க்கும்போது முந்தானையைச் செருகிக்கொண்டு, பின்னலை முடிந்துகொண்டு தள்ளி நில்லுங்கள்.

இனி சோதனைக்கு வருவோம். ஃபேனுக்கு உத்தரவு போகும் வழியைத் தெரிந்துகொண்டால் போதும். தண்ணீர்ச் சூடு ஓர் அளவைத் தாண்டியதும் (வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 90 முதல் 100 டிகிரி) சென்சார் சொல்லும், ரிலே 'டக்' என்று இணைக்கும், பியூஸ் வழியாகக் கரண்ட் போய் மோட்டார் சுற்றும்.

முதலில், ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் நின்றால், இன்ஜின் கொதித்தாலும் அதற்குச் சூடு தெரியாது. ஃபேனும் ஓடாது. ஃபேன் நல்லாவே இருக்கும், பழி மட்டும் அதன் மேல் விழும்!

அடுத்து பியூஸ். உள்ளே கம்பி அறுந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். அதே ஆம்பியர்தான் போட வேண்டும். மஞ்சள் என்றால் 20, பச்சை என்றால் 30. அவசரத்துக்குச் சிகரெட் டப்பா வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுகிறார்கள், ஒயர் தீப்பிடிக்கும், விடாதீர்கள். புது பியூஸும் உடனே போனால் மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது ஒயர் எங்கோ உரசுகிறது என்று அர்த்தம்.

பியூஸ் சரியென்றால் ரிலே. ஒரே நம்பர் உள்ள ரிலே ஹாரனுக்கோ லைட்டுக்கோ இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஓடினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. ஓடாவிட்டால் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதை மெக்கானிக் செய்யட்டும், நாம் பக்கத்தில் நிற்போம். நேர் கரண்டிலும் சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. லேசாகத் தட்டினால் சுற்றி, பிறகு நின்றால் உள்ளே பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

நேர் கரண்டில் சுற்றுகிறது, வண்டியில் மட்டும் சுற்றவில்லை என்றால் சென்சாரோ ஒயரோதான். பழைய மாடல்களில் சுவிட்சின் இரண்டு ஒயரையும் சேர்த்தால் ஃபேன் ஓட வேண்டும். புது மாடல்களில் கம்ப்யூட்டர் பெட்டி இருப்பதால் அந்த வேலை வேண்டாம், ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாலும் இதே இடங்களைத்தான் பார்க்க வேண்டும். ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லது சென்சார் கெட்டிருக்கும். விட்டுவைத்தால் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும்.

மோட்டார் மாற்றிய பிறகும் சூடு குறையவில்லையா? ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு நோட்டுத்தாளைப் பிடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் பின்னாலிருந்து காற்றை இழுக்கும், தாள் ஒட்ட வேண்டும். தாளைத் தள்ளினால் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

டிராக்டரிலும் பழைய ஜீப்பிலும் ஃபேன் பெல்ட்டில் ஓடும். அங்கே பியூஸும் இல்லை, ரிலேயும் இல்லை. பெல்ட் தளர்வையும் வெடிப்பையும் பார்த்தால் போதும்.

பட்டறைக்குப் போகும்போது டிரைவரை மட்டும் அனுப்பாமல் உறுப்பினர் ஒருவர் கூடப் போங்கள். "நேர் கரண்ட் கொடுத்துப் பார்த்தீங்களா அண்ணா?" என்று கேளுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கையோடு வாங்கி வாருங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினோம், எவ்வளவு ஆனது என்று தீர்மானப் புத்தகத்தில் அல்ல, வண்டிக்கென்று தனி நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் அதே பியூஸ் மூன்றாவது முறை வந்தால் அந்த நோட்டுதான் காட்டிக்கொடுக்கும்.